எந்தத் தெரு முதலில்? பொதுப்பணமும் வரிசையறியும் அறமும்

ஒரு நகரத்தின் கருவூலத்தில் உள்ள பணம் அந்நகரத்துத் தெருக்கள் அனைத்தின் தேவைக்கும் ஒரே ஆண்டில் போதுமானதாக எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே ஒரு தெருவுக்குச் சாக்கடை கட்டலாம் என்னும் முடிவு, அவ்வாண்டு சாக்கடை பெறாமல் காத்திருக்கப்போகும் இன்னொரு தெருவைப் பற்றிய முடிவாகவும் ஆகிவிடுகிறது. பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கலாம், கணக்கர் நிதியிருப்பைச் சொல்லலாம், மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றலாம். ஆனால் யாரை முதலில் கவனிப்பது, யாரைப் பொறுத்திருக்கச் சொல்வது என்னும் கேள்விக்கு இவர்களுடைய தொழிலறிவு மட்டும் விடை தருவதில்லை. அது அறத்தைச் சார்ந்த கேள்வி. ஒவ்வொருவருக்கும் உரியது எது என்பதை ஆராயும் நீதிச் சிந்தனையும், இல்லாதவருக்குக் கொடுப்பதன் பொருளை ஆராயும் சமயச் சிந்தனையும் நகராட்சி நிர்வாகத்தை எதிர்கொள்ளும் இடம் இதுவே. சேலம், நாமக்கல் சமவெளியின் நகரங்களை முன்வைத்து அக்கேள்வியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நகரமும் நிதியும்

நகரமலை, கஞ்சமலை, ஜருகுமலை, கோதுமலை ஆகியவற்றின் நடுவே அமைந்த சேலம் 1994இல் மாநகராட்சியாக உயர்ந்தது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்னும் நான்கு மண்டலங்களாகவும் 60 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ள இந்நகரில் 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பகுதிகளின் அகன்ற தெருக்களும், கிச்சிப்பாளையம், குகை, பொன்னம்மாப்பேட்டை பகுதிகளில் தறிக்கூலியையும் வெள்ளிக்கொலுசு வேலையையும் நாட்கூலியையும் நம்பி வாழும் குடும்பங்கள் நெருங்கிக் குடியிருக்கும் சந்துகளும் ஒரே மாநகராட்சிக்கே வரி செலுத்துகின்றன. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. லாரித் தொழிலாலும் கோழிப் பண்ணைகளாலும் பெயர்பெற்ற அதன் தலைநகர் 2024இல் மாநகராட்சியாக அறிவிக்கப்பட்டது. நேற்றுவரை ஊராட்சிகளாக இருந்த குடியிருப்புகளும் இத்தகைய தரவுயர்வோடு வரும் எல்லை விரிவாக்கத்தில் நகரத்தோடு சேரும்போது, பழைய நகரின் தெருக்களோடு புதிய தெருக்களும் அதே நிதியை எதிர்நோக்கி வரிசையில் நிற்கத் தொடங்குகின்றன.

இந்நகரங்கள் தெரு மேம்பாட்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி சொத்து வரி முதலிய சொந்த வருவாயிலிருந்து வருகிறது; இன்னொரு பகுதி மானியமாக வருகிறது. மானியம் என்பது திருப்பிச் செலுத்த வேண்டாத தொகை. ஆனால் எதற்குச் செலவிட வேண்டும், யார் விண்ணப்பிக்கலாம், எந்த அளவில் கிடைக்கும் என்னும் விதிகளோடு அது வருகிறது. அவ்விதிகளைக் கூர்ந்து படிப்பவருக்கு ஒவ்வொரு மானியத்துக்குள்ளும் எழுதப்படாத ஓர் அறக்கொள்கை உறைந்திருப்பது புலப்படும்.

பதினைந்தாவது நிதி ஆணையம் சேலம் போன்ற, பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்குரிய மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கென்று கட்டி வைத்தது. உடலைக் காக்கும் தேவைகள் பிற விருப்பங்களுக்கு முற்பட்டவை என்னும் கொள்கை அதில் உள்ளது. 2015இல் தொடங்கப்பட்டு, 2016இல் சேலத்தையும் தேர்ந்தெடுத்த சீர்மிகு நகரத் திட்டம், நகரங்களைப் போட்டியிட வைத்து, வென்ற நகரத்துக்கு ஒன்றிய அரசின் பங்காக ஐந்தாண்டுகளில் 500 கோடி ரூபாய் வரையும், மாநிலத்தின் பங்காக அதற்கு ஈடான தொகையும் கிடைக்குமாறு வகுக்கப்பட்டு, நகரின் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியை முன்மாதிரியாக மேம்படுத்தச் சொன்னது. திறனைக் காட்டுபவருக்கே முதலிடம் என்பது அதன் கொள்கை. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் செலவிடப்பட வேண்டும் என்னும் விதி, வரலாற்றில் நிகழ்ந்த அநீதிக்கு ஈடு செய்வதைக் கொள்கையாகக் கொண்டது. தமிழ்நாட்டின் நமக்கு நாமே திட்டம், தன் பங்கைத் தர முன்வருபவருக்கு அரசு தன் பங்கைச் சேர்த்துத் தரும் என்கிறது. தேவை, திறன், ஈடு செய்தல், பங்களிப்பு என்னும் இந்நான்கு கொள்கைகளும் ஒரே தெருவின் மேல் மோதும்போது எதற்கு முதலிடம் என்பதை எந்த அரசாணையும் சொல்வதில்லை. நான்கனுள் மிகுந்த ஆய்வுக்குரியது கடைசிக் கொள்கையே. ஏனெனில் அது பார்த்த அளவிலேயே அறமாகத் தோன்றுகிறது.

நமக்கு நாமே திட்டத்தின் அறநிலை

1997-98இல் தொடங்கப்பட்டு, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்னும் பெயரில் நடந்து, மீண்டும் 2021இல் பழைய பெயரோடு ஊரகத்துக்கும் நகர்ப்புறத்துக்கும் விரிக்கப்பட்ட இத்திட்டத்தின் நகர்ப்புறப் பணிகள் அவ்வாண்டு டிசம்பரில் சேலத்திலேயே தொடங்கிவைக்கப்பட்டன. ஒரு பணியின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பகுதி மக்களோ அமைப்போ நிறுவனமோ செலுத்தினால் மீதத்தை அரசு தரும் என்பது இதன் பொதுவிதி. நீர்நிலைகளைச் சீரமைக்கும் பணிகளில் மக்கள் பங்கு பாதியாக உயர்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வாழும் பகுதிகளுக்கு அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது.

இத்திட்டத்துக்குச் சார்பான வாதம் வலிமையானது; அதை முழுமையாக எடுத்துரைக்காமல் மறுப்பது முறையாகாது. திருக்குறள் ஈகைக்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்குவதற்கு முன்பே ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்குகிறது. ஒப்புரவு என்பது ஊரோடு சேர்ந்து வாழும் ஒருவர் தம் உடைமையின் பயன் ஊர் முழுவதற்கும் சேருமாறு நடந்துகொள்ளும் ஒழுக்கம். அவ்வதிகாரம் ஊருணியையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் அதற்கு உவமையாக்குகிறது. கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்னும் நிலை இதில் இல்லை. கொடுத்தவரும் அதே ஊருணியில் நீர் எடுப்பவரே. கொங்கு நாட்டு ஊர்களில் மாரியம்மன் பண்டிகைக்கும் கோயில் திருப்பணிக்கும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி எடுக்கும் வழக்கம் இவ்வொழுக்கத்தின் நடைமுறை வடிவம். தம் கைப்பணம் சேர்ந்த பூங்காவை மக்கள் பாழாக விடமாட்டார்கள், மதிப்பீட்டில் உள்ள சிமெண்டு உண்மையில் வந்து இறங்கியதா என்று நின்று பார்ப்பார்கள், அரசுப் பணம் என்றால் யாருடைய பணமோ என்னும் மனநிலை மாறும் என்பன எல்லாம் அனுபவத்தால் உறுதிப்பட்ட நன்மைகள். கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010ஆம் ஆண்டில் சேலத்தின் குடிமக்கள் அமைப்பு ஒன்று மக்களின் நன்கொடையையும் உழைப்பையும் திரட்டித் தூர்வாரி, ஏரிக்குள் மண்திட்டுகள் அமைத்து மரங்களை நட்டுப் பறவைகள் தங்குமிடமாக மாற்றியது, பங்களிப்பு என்னும் கொள்கையின் ஆற்றலுக்கு இந்நகரமே தரும் சான்று.

இருந்தும், ஒரு கொள்கை நல்லது என்பதாலேயே அது வரிசையைத் தீர்மானிக்கும் அளவுகோலாகத் தகுந்தது என்று ஆகிவிடாது. எளிய ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 30 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் ஒரே மாதிரியான பணி, ஐம்பது ஐம்பது வீடுகள் கொண்ட இரண்டு தெருக்களில் தேவைப்படுகிறது என்று கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு 10 லட்சம். வீட்டுக்கு 20,000 ரூபாய். மருத்துவரும் வணிகரும் வாழும் தெருவில் அத்தொகை ஒரு மாலைக் கூட்டத்தில் திரண்டுவிடும். தறிக்கூலியில் வாழும் தெருவிலோ அது குழந்தையின் பள்ளிக் கட்டணத்தையோ அடகிலிருந்து மீட்க வேண்டிய நகையையோ கைவிட்டுத்தான் திரட்ட வேண்டிய தொகை. முதல் தெரு 10 லட்சம் கட்டியதும் அரசின் 20 லட்சம் அங்கே போய்ச் சேர்கிறது. இரண்டாம் தெருவுக்கு ஒன்றும் சேர்வதில்லை. வசதியுள்ளவர் தரும் ஒவ்வொரு ரூபாயும் பொதுக் கருவூலத்திலிருந்து இரண்டு ரூபாயைத் தன்னோடு அழைத்துச் செல்கிறது. அவ்விரண்டு ரூபாயிலோ, சோப்புக்கும் செருப்புக்கும் விலையோடு சேர்த்து வரி கொடுத்த இரண்டாம் தெருவின் பங்கும் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு என்னும் சலுகை பொருந்தும் தெருவாக இருந்தாலும் வீட்டுக்கு 12,000 ரூபாய் வேண்டும். சலுகை வாசலின் உயரத்தைக் குறைக்கிறதே தவிர வாசலை அகற்றவில்லை.

முன்னோர் ஆராய்ந்த வரிசை

கொடுப்பதில் வரிசை என்னும் சிக்கல் தமிழ்ச் சிந்தனைக்குப் புதியதன்று. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் போரில் வீழ்த்திய மலையமான் திருமுடிக்காரியை நோக்கிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று, பெரிதாகக் கொடுப்பது எளிது என்றும், பெற வந்தவர்களின் வரிசையை அறிவதே அரிது என்றும் அறிவுறுத்தி, புலவர் எல்லோரையும் ஒன்றுபோலப் பார்க்கும் பார்வையைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறது. ஓரி, காரி இருவரும் கடையெழு வள்ளல்களுள் வைத்து எண்ணப்படுபவர்கள். வாரி வழங்கும் கொடைக்குப் பெயர்பெற்ற ஒருவனிடமே, வழங்குவதோடு கடமை முடிவதில்லை என்று புலவர் சொல்லத் துணிந்தார் என்பது கருதத்தக்கது. 60 வார்டுகளுக்கும் ஒரே தொகையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பாரபட்சம் காட்டவில்லை என்று ஒரு மாமன்றம் நிறைவு கொள்ளுமானால், கபிலர் விலக்கச் சொன்ன பார்வையே அங்கே நிர்வாக வடிவம் பெறுகிறது. சமமற்ற நிலையில் உள்ளவருக்குச் சமமாகப் பகிர்வது பழைய ஏற்றத்தாழ்வை அப்படியே காத்து நிற்கும்.

ஆயினும் கபிலர் கருதிய வரிசை புலமைத் தகுதியின் வரிசை. மன்னன் தன் கொடையைத் தகுதி நோக்கிக் கொடுக்கலாம், ஏனெனில் அது பரிசில். தெருவுக்கான மானியம் பரிசிலன்று. ஆகவே வரிசை வேண்டும் என்பதைக் கபிலரிடமிருந்து பெற்றுக்கொண்டு, எதை வைத்து வரிசை என்பதை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. பௌத்தக் காப்பியமான மணிமேகலை, எதிர் உதவி செய்யும் ஆற்றலுள்ளவருக்குக் கொடுப்பவர்கள் அறத்தை விலைக்கு விற்பவர்கள் என்றும், ஆற்றலற்றவரின் பசியைக் களைபவர்களிடத்திலேயே உலகின் மெய்யான வாழ்க்கைநெறி நிலைபெறுகிறது என்றும் உரைக்கிறது. வறியவருக்குக் கொடுப்பதொன்றே ஈகை, மற்றவை எல்லாம் திரும்பப் பெறும் எதிர்பார்ப்புடையவை என்னும் திருக்குறளின் கருத்தும் இதனோடு ஒத்துச் செல்கிறது. மக்கள் பங்கைக் கட்டியவருக்கே மானியம் என்னும் விதி அதன் கடுமையான வடிவில் இவ்விரு நூல்களின் சோதனையிலும் தேறாது.

தேவை என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. தேவைகளுக்குள்ளும் வரிசை உண்டு. அவ்வரிசையை மிகத் தெளிவாக வகுத்த தமிழ்ச் சமயச் சிந்தனையாளர், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகளார். உயிர்களின் துன்பத்தைக் கண்டு உருகி அதை நீக்கும் ஒழுக்கத்தைச் சீவகாருணியம் என்று அழைத்த அவர், பசியாலும் கொலையாலும் வரும் துன்பத்தை நீக்குவதைப் பர சீவகாருணியம் என்றும், தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் ஆகியவற்றால் வரும் துன்பத்தை நீக்குவதை அபர சீவகாருணியம் என்றும் பிரித்தார். முன்னது உயிரை உடலில் நிற்கவிடாமல் செய்யும் துன்பத்தையும், பின்னது வாழும் உயிரை வருத்தும் துன்பத்தையும் நோக்குகிறது என்று அப்பிரிவினையைப் புரிந்துகொள்ளலாம். துன்பத்தின் கடுமையை வைத்து வரிசையிடும் இம்முறையை நகர நிர்வாகத்துக்குப் பொருத்திப் பார்த்தால், கழிவுநீர் கலந்த குடிநீர்க் குழாய், மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஏறும் சாக்கடை, இரவில் பெண்கள் அஞ்சி நடக்கும் விளக்கற்ற சந்து, கழிப்பறையில்லாத குடியிருப்பு ஆகியவை ஒரு நிலையிலும், நடைப்பயிற்சிப் பாதை, அலங்கார விளக்கு, செயற்கை நீரூற்று ஆகியவை வேறொரு நிலையிலும் நிற்பது விளங்கும். பின்னவை தவறானவை அல்ல. முன்னவை தீரும்வரை அவை காத்திருக்கலாம், முன்னவை காத்திருக்கக் கூடாது.

கிரேக்கச் சிந்தனையாளர் அரிஸ்டாட்டில் தம் நிகோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில், பகிர்வில் நீதி என்பது தகுதிக்கேற்ற விகிதம் என்பதை அனைவரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் எது தகுதி என்பதில்தான் பிரிகிறார்கள் என்று விளக்கினார்: மக்களாட்சியை விரும்புவோர் சுதந்திரக் குடிமகனாய் இருப்பதையே தகுதி என்பர், செல்வர் ஆட்சியை விரும்புவோர் செல்வத்தைத் தகுதி என்பர். இப்பகுப்பின் ஒளியில் பார்த்தால், ரூபாயில் அளக்கப்படும் பங்களிப்பை வரிசையின் அளவுகோலாக்கும் ஒரு விதி, மக்களாட்சியின் நிறுவனத்துக்குள் செல்வர் ஆட்சியின் தகுதிக்கோட்பாட்டைக் கொண்டுவந்து வைக்கிறது. விதியை வகுத்தவரின் நோக்கம் அதுவல்ல என்பது உண்மை. விளைவு அதுவாக இருக்கிறது என்பதும் உண்மை.

கிறித்தவ நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட உவமை இதே இடத்தைத் தொடுகிறது. விடியலில் வந்தவருக்கும் மாலையில் கடைசியாக வந்தவருக்கும் ஒரே கூலி கொடுத்த தோட்டக்காரரைப் பற்றிய அந்த உவமையிலிருந்து தலைப்பெடுத்து ஆங்கிலேயர் ஜான் ரஸ்கின் எழுதிய நூலை 1904இல் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தி, 1908இல் அதைக் குஜராத்தியில் தழுவி எழுதி, சர்வோதயம் என்று பெயரிட்டார். ஒவ்வொருவரின் நலனும் எல்லோருடைய நலனில் அடங்கியிருக்கிறது என்பது அதன் சாரம். அச்சிந்தனை இச்சமவெளியிலும் வேர்கொண்டது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய பணிகளைத் தொடங்கினார். நகராட்சியின் நாற்காலியிலிருந்து எழுந்தவர் வறண்ட சிற்றூர் ஒன்றின் மக்களிடையே குடியேறியதை, கடைசியில் நிற்பவரிடமிருந்து வரிசையைத் தொடங்கும் முயற்சியாகவே கொள்ள வேண்டும்.

தேவைக் கொள்கைக்கு எதிரான தடைகள்

தேவையே முதல் அளவுகோல் என்பதை மறுப்பவர்கள் முன்வைக்கும் தடைகள் மூன்று. முதலாவது, வினை பற்றியது. அவரவர் வாழும் நிலை அவரவர் முன்வினையின் பயன், அதில் அரசு தலையிடுவதற்கு என்ன இருக்கிறது என்பது வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும் பலர் மனத்தில் இருக்கும் எண்ணம். இதற்குத் திருக்குறளே விடை தருகிறது: இரந்துதான் ஒருவர் உயிர்வாழ வேண்டும் என்றிருந்தால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கும் அளவுக்கு அந்நூல் செல்கிறது. வறுமையை ஊழின் கணக்கில் எழுதி ஒதுங்குவதற்கு அறநூல் இடம் தரவில்லை என்றால், அரசுக்கு அந்த இடம் எங்கிருந்து வரும்? தெருவில் சாக்கடை இல்லாமை யாருடைய முற்பிறப்பின் பயனுமன்று. முந்தைய மாமன்றங்கள் எடுத்த முடிவுகளின் பயன்.

இரண்டாவது தடை, தேவையை முதன்மைப்படுத்தினால் பொறுப்பாகத் தம் தெருவைப் பேணியவர்கள் தண்டிக்கப்பட்டு, பாழாக விட்டவர்கள் பரிசு பெறுவார்கள் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது பராமரிப்பைப் பற்றிய உண்மையே. இருந்த விளக்கைக் காக்காமல் விட்ட தெருவையும், விளக்கே பெறாத தெருவையும் ஒன்றாக எண்ணுவது பிழை. அடிப்படை வசதி ஒருபோதும் வந்து சேராத இடத்தில் பொறுப்பின்மையைப் பற்றிப் பேசுவதற்குப் பொருளில்லை.

மூன்றாவது தடையே நேர்மையான சிந்தனைக்கு உரியது: தேவையை யார் அளப்பது? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நிற்பவரின் தேவை பதிவாகிறது. ஒருநாள் கூலியை இழந்து வரமுடியாதவரின் தேவை பதிவாவதில்லை. சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றிச் சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்து வயல்களைக் கடந்து காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறு இதற்கு ஒரு கடுமையான எடுத்துக்காட்டு. நகரத்துச் சாயக்கழிவும் சாக்கடையும் அந்த ஆற்றில் இறங்கினால் துன்புறுபவர் ஆற்றின் கீழ்ப்புறத்து உழவர். அவர் சேலத்தின் எந்த வார்டிலும் வாக்காளர் அல்லர், எந்தத் தெருவின் மக்கள் பங்கிலும் அவர் பெயர் இருக்காது, எந்த உறுப்பினரும் அவருக்காக மாமன்றத்தில் எழுந்து பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. பங்களிப்பையோ வாக்கையோ குரலையோ அளவுகோலாகக் கொண்டால் அவர் வரிசையிலேயே இடம்பெறமாட்டார். தேவையை அளப்பது கடினம் என்பது தேவையைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. கேட்க வராதவரின் தேவையையும் தேடிச் சென்று அளக்கும் கடமை ஆட்சியாளருக்கு உண்டு என்பதற்கே அது காரணமாகிறது.

வரிசையை அமைக்கும் வழி

மேற்கண்ட ஆராய்ச்சியிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, உயிரையும் உடலையும் மானத்தையும் காக்கும் வசதிகளான குடிநீர், கழிவுநீர்ப் போக்கு, கழிப்பறை, தெருவிளக்கு, அங்கன்வாடி ஆகியவற்றுக்கு மக்கள் பங்கு எதுவும் கேட்காமல், குறைபாட்டின் அளவை மட்டும் பார்த்து நிதி ஒதுக்க வேண்டும். இவற்றைக் கொடுக்கும்போது அரசு எவருக்கும் ஈகை செய்வதில்லை. செலுத்த வேண்டிய கடனைத் தாமதமாகச் செலுத்துகிறது. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் மக்களே பங்கேற்று வரவுசெலவுத் திட்டத்தை வகுக்கும் முறையைக் கையாண்டபோது, மக்கள்தொகை, வசதிக் குறைபாட்டின் அளவு, அப்பகுதி மக்கள் எதை முதலில் கேட்கிறார்கள் என்பது ஆகியவற்றுக்கு மதிப்பெண் வழங்கிப் பணத்தைப் பகிர்ந்தது; குறைபாடு மிகுந்த பகுதிக்கு மிகுந்த மதிப்பெண். அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய சமுதாய மேம்பாட்டுத் தொகுப்பு மானியம், தன் தொகையில் குறைந்தது 70 விழுக்காடு குறைந்த, மிதமான வருமானமுள்ளோருக்குப் பயன்பட வேண்டும் என்று விதித்துள்ளது. தேவையை அளந்து விதியாக எழுத முடியும் என்பதற்கு இவை சான்றுகள்.

இரண்டாவது, அந்த அடித்தளத்துக்கு மேல் அமையும் பூங்கா, விளையாட்டுத்திடல், நூலகம், நீர்நிலை அழகுபடுத்தல் முதலியவற்றில் பங்களிப்புக் கொள்கைக்கு உரிய இடத்தைத் தரலாம். ஆனால் பங்களிப்பை ரூபாயின் எண்ணிக்கையால் அளக்காமல், கொடுப்பவரின் ஆற்றலோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு வந்து உழைத்த தெருவின் உழைப்பும் நாட்கூலிக் கணக்கில் பங்காக ஏற்கப்பட வேண்டும். இங்கே கோயில்கள் ஒரு நல்ல பிரிவினையைப் பேணி வந்துள்ளன. திருப்பணிக்குப் பெருந்தொகை கொடுத்த உபயதாரரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது, விழாவில் அவருக்கு மரியாதை செய்யப்படுகிறது. ஆனால் அன்னதானப் பந்தியில் இலை போடும்போது உபயம் எவ்வளவு என்று கேட்பதில்லை. பந்தியில் சாதி பார்த்த காலமும் இந்நாட்டில் இருந்தது, அது அறத்துக்குப் புறம்பானது என்று போராடித்தான் மாற்றப்பட்டது. கொடுத்தவருக்கு மதிப்பு, பசித்தவருக்குச் சோறு என்று இரண்டையும் பிரித்து வைக்கும் அந்நெறியை மாநகராட்சியும் பின்பற்றலாம்: பங்களித்தவருக்கு நன்றியும் பெயர்ப்பலகையும் உரியவை, முன்னுரிமை உரியதன்று.

மூன்றாவது, வரிசை எதுவாயினும் அது காரணத்தோடு வெளிப்படையாக வைக்கப்பட வேண்டும். 1992இன் எழுபத்து நான்காவது அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழுக்களை வகுத்தது. தமிழ்நாட்டில் அவற்றோடு பகுதி சபைகளும் ஏற்படுத்தப்பட்டு, 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் அவற்றின் கூட்டங்கள் நடந்தன. பகுதி சபை என்பது ஒரு வார்டின் உட்பகுதியில் வாழும் வாக்காளர்கள் கூடித் தம் தேவைகளைச் சொல்லும் அவை. சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுமானால் அது இன்னொரு மனு வாங்கும் இடமாகவே எஞ்சும். வார்டில் நிலுவையிலுள்ள பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறது, இவ்வாண்டு எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது, ஏன் என்பவை அந்த அவையில் படிக்கப்பட்டு, சுவரில் ஒட்டப்பட வேண்டும். நெடுங்காலம் காத்திருந்தது என்பதே ஓர் உரிமையாகக் கணக்கில் ஏற வேண்டும். ஏனெனில் பணத்தால் பங்களிக்க இயலாதவர்கள் தங்கள் வாழ்நாளின் ஆண்டுகளால் ஏற்கெனவே பங்களித்திருக்கிறார்கள்.

இம்மூன்று நெறிகளுக்கும் அடிப்படையான சமய உணர்வு ஒன்று உண்டு. அரசு தன்னை வள்ளலாக எண்ணும்போது மானியம் கொடையாகிறது, பெறுபவர் இரவலராகிறார், கொடைக்குப் பின் நன்றியும் அதற்குப் பின் வாக்கும் எதிர்பார்க்கப்படுகின்றன. கருவூலத்தின் பணம் எல்லோருடையது, அதைக் கையில் வைத்திருப்பவர் காவலர் மட்டுமே என்னும் உணர்வு நிலைபெறும்போது, பெறுபவர் உரியவராகிறார், கொடுப்பவர் கணக்குச் சொல்ல வேண்டியவராகிறார். திருக்குறள் பொருளை ஈட்டுவதையும் காப்பதையும் சொல்லி அதோடு நிறுத்தாமல் வகுத்தலையும் அரசின் ஆற்றலாகச் சொன்னதன் பொருள் இதுவே: ஓர் அரசின் அறம் அதன் கருவூலத்தின் பெருமையால் அளக்கப்படுவதில்லை, பகிர்வின் முறையால் அளக்கப்படுகிறது. கிச்சிப்பாளையத்தின் ஒரு சந்தில் வாழ்பவர், தம் தெரு இவ்வாண்டும் ஏன் விடுபட்டது என்று கேட்டால், உங்களால் பங்கு கட்ட முடியவில்லை என்பது மாநகராட்சி தரக்கூடிய விடையாக இருக்கக் கூடாது. உங்களைவிடக் கடுமையான தேவை உள்ள தெரு இது, உங்கள் முறை வரும் ஆண்டு இது என்று இரண்டையும் சுட்டிக்காட்டும் நிலையில் அது இருக்க வேண்டும். காத்திருக்கச் சொல்லும் அதிகாரம், காரணம் சொல்லும் கடமையோடு சேர்ந்து வரும்போதுதான் அறமாகிறது.